மூன்றாம் தாளில் இரண்டு ஒன்பது

1

இந்தக் கதை ஒரு ரயிலைத் தவறவிட்டதால் எனக்குக் கிடைத்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. சென்னைக்கு நேராக பஸ் உண்டு. ஆனால் பஸ்ஸில் எனக்கு எழுத வராது. அதனால் அரியலூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். வாரப் பத்திரிகை ஆசிரியர் புதுத் தொடர் கேட்டிருந்தார், நேரில் வந்து கதையைச் சொல்லச் சொன்னார். என்னிடம் தலைப்பு இருந்தது. ஒரு பிணம் இருந்தது. வில்லன் மட்டும் இல்லை.

அந்தத் தொடர் போகட்டும். இதை எப்படி ஆரம்பிப்பது?

"அந்த எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நல்லதம்பிக்கு ஆபத்தில்லை."

பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நல்லதம்பி யாரென்றே தெரியாமல் நீங்கள் ஏன் பயப்பட வேண்டும்? அடித்துவிட்டேன்.

"அவள் லேப்டாப்பைத் திறந்தபோது அதற்குள் ஒரு கொலை—"

பொய். கொலையெல்லாம் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன், அப்படியே கிடக்கட்டும்.

(ஒரு விஷயம். இந்தக் கதையில் எட்டாம் பகுதி அதன் இடத்தில் இருக்காது. அச்சுப்பிழை அல்ல. காரணம் 3-இல் வருகிறது.)

2

ஜன்னல் ஓரம் எனக்கு. பக்கத்தில் ஓர் இளம்பெண். மடியில் லேப்டாப், அதன்மேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட், காலடியில் கனத்த பை. பஸ் கிளம்பியதும் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினாள்.

"சார், இத கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா? ஒரு டிராயிங் பாக்கணும்."

பிடித்துக்கொண்டேன். திரையில் ஒரே கோடுகள். கோடுகளைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண், ஒவ்வொன்றிலிருந்தும் படத்துக்குள் ஓடும் ஒரு கோடு.

"என்னம்மா இது, தாயக்கட்டமா?"

"மெஷின் சார். பக்கெட் எலிவேட்டர். சிமெண்ட் ஆலையில சுண்ணாம்புக்கல்ல கீழேர்ந்து மேல ஏத்தும். சங்கிலி நெடுக வாளி வாளியா கட்டியிருக்கும்."

"இந்த வட்டம்?"

"பலூன்னு சொல்லுவோம். பலூன்ல ஏழுன்னு இருந்தா, மொத ஷீட்ல பார்ட்ஸ் லிஸ்ட்டு இருக்கு பாருங்க, அதுல ஏழாவதப் பாக்கணும். என்ன சாமான், எத்தன வேணும்னு இருக்கும்."

"படத்துலயே பேர எழுதிட வேண்டியதுதானே?"

"ஒரு தாள்னா எழுதிடலாம். இது நாலு தாளு. ஒரே சாமான் மூணு தாள்ல வரும். ஒரு எடத்துல பேர மாத்திட்டு இன்னோரு எடத்துல மறந்துட்டா?"

அது எனக்குப் புரிந்தது. என் தொடர் ஒன்றில் பன்னிரண்டாம் வாரம் செத்துப்போன டிரைவர் பதினைந்தாம் வாரம் கதாநாயகியை ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். வாசகர்கள் தபாலாபீஸையே கலக்கிவிட்டார்கள். அன்று எனக்கும் முதல் தாளில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் அவன் நிம்மதியாகச் செத்திருப்பான்.

ஜெயசித்ரா அவள் பெயர். பெரம்பலூரில் காசிநாதன் என்பவருடைய பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் வரைபவள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு (பெயர் கேட்காதீர்கள், கதைக்காக நான் கட்டிய ஆலை) பட்டறை இரண்டு எலிவேட்டர் செய்து அனுப்பியிருந்தது. முதலாவதை ஆலைக்குள்ளேயே பாகம் பாகமாகப் பூட்டி முடித்துவிட்டார்கள். அன்று சோதனை ஓட்டம். அதைப் பார்க்கத்தான் போகிறாள்.

"பூட்டினது யாரு?"

"நல்லதம்பி அண்ணன். செந்துறைக்காரரு. எங்க பட்டறையில பிட்டரு. என்னய பேர் சொல்லியே கூப்புட மாட்டாரு, 'ஏ கம்ப்யூட்டரு'ம்பாரு. 'இந்த வட்டத்துக்கெல்லாம் நடுவுல ஒரு புள்ளி வச்சிருந்தா கோலம் ஆயிருக்குமே கம்ப்யூட்டரு'ன்னு ஓட்டுவாரு சார்."

சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் அது போய்விடும்.

3

முதல் வரைவை அனுப்பியதும் பத்திரிகை ஆசிரியர் ஃபோன் செய்தார்.

"கதை ஓடுது சார். ஆனா யாரு என்னன்னு வாசகருக்கு ஒரு பிடி வேணும். ஆளுங்கள சொல்லிடுங்க."

அதனால் இந்தப் பகுதியை நடுவில் செருகுகிறேன். ஜெயசித்ரா, ஒன்று. நல்லதம்பி, ஒன்று, மாற்று கிடையாது. காசிநாதன், பட்டறை முதலாளி, ஒன்று. வேணுகோபால், ஆலையில் சுவிட்சுக்குப் பொறுப்பான சூப்பர்வைசர். பெரியம்மாள், ஆலை கேட்டில் காவல். அமாவாசை, ஆலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுபவர், ஒரு பழைய சைக்கிளோடு சேர்த்து ஒன்று. நான். வில்லன்...

"வில்லன் யாரு சார்?" என்றார் ஆசிரியர்.

"காசிநாதனைப் போட்டுப் பாக்கறேன்."

போட்டுப் பார்த்தேன்: "காசிநாதன் முறுக்கு மீசையைத் தடவியபடி, நல்லதம்பியின் பெயரைக் கேட்டதும்—"

காசிநாதனுக்கு மீசையே கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் வைத்திருப்பார், பேசுவதற்கு முன்னால் எதிராளிக்கு ஒன்று கொடுப்பார். தொழிலாளிக்கு ஜுரமென்றால் தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிப்போய் ஊசி போட்டு வருகிறவர். இவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கழுத்தை நெரிப்பது?

வில்லன் என்ற வரியைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன்.

4

முதல் பகுதியில் "காரணம் 3-இல்" என்று எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? மேலே ஒரு பகுதியைச் செருகியதில் அந்தக் காரணம் இப்போது நாலுக்கு வந்துவிட்டது. அங்கே கையால் எழுதிய 3 மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேண்டுமென்றே திருத்தவில்லை. இந்தக் கதையில் நடக்கும் தவறு மொத்தமும் இவ்வளவுதான்.

காசிநாதனுக்கு எட்டு ஆகாது. சனியின் எண். பட்டறையில் எட்டாம் நம்பர் ஸ்பேனருக்கு "சின்னவன்" என்று பெயர். எட்டாம் தேதி எந்தச் சரக்கும் வெளியே போகாது. (சிரிக்காதீர்கள். நானும் எட்டாம் தேதி எந்தத் தொடரும் ஆரம்பித்ததில்லை.) ஜெயசித்ரா வேலைக்குச் சேர்ந்த அன்றே மிட்டாயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

"ஏழுக்கு அப்பறம் ஒம்போது போட்டுக்கம்மா. எட்ட மட்டும் மெஷினுக்குள்ள விடாத."

கம்ப்யூட்டருக்குச் சனி தெரியாது. அது பாட்டுக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று பட்டியல் போடும். பட்டியலில் எண் மாறினால் நாலு தாளிலும் பலூன் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் ஒரு பலூனுக்குள் நீங்களே கையால் ஓர் எண்ணை அடித்துவிட்டால், அது பட்டியலோடு உறவை அறுத்துக்கொள்ளும். பிறகு பட்டியல் எங்கே ஓடினாலும் அது அசையாது.

எலிவேட்டரின் உச்சியில் ஒரு தண்டு. அந்தத் தண்டுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் வெறும் வட்ட மூடி, பட்டியலில் ஏழு. மறுமுனையில் ஹோல்டுபேக் என்ற சாமான். அது எட்டாக வந்தது. ஜெயசித்ரா பட்டியலில் அதை ஒன்பதாக்கினாள். மற்ற தாள்களில் பலூனும் ஒன்பதாயிற்று. மூன்றாம் தாள் மட்டும் கொஞ்சம் அசமந்தமாக எட்டிலேயே நின்றது. பின்னால் நின்ற காசிநாதன் பதறிவிட்டார்.

"அம்மா, அம்மா, எட்டு தெரியுது!"

அவர் பதற்றத்தைப் பார்த்து, அந்த ஒரு பலூனை மட்டும் தட்டித் திறந்து கையாலேயே 9 என்று அடித்துவிட்டாள். அவர் முகம் தெளிந்தது. அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஆலைக்காரர்கள் புதிதாக ஒரு சாமான் கேட்டார்கள். உள்ளே எட்டிப்பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு. அதைப் பட்டியலில் நாலாவதாகச் செருகினாள். கீழே இருந்த எல்லாம் ஒரு படி இறங்கின. ஏழாக இருந்த மூடி எட்டாக வேண்டும். எட்டுதான் கூடாதே, அதனால் ஒன்பது. ஹோல்டுபேக் பத்து. மூன்றாம் தாளில் மூடியின் பலூன் சமர்த்தாக ஒன்பதுக்கு மாறிக்கொண்டது. ஹோல்டுபேக்கின் பலூன் கையால் அடித்தது. அது பழைய ஒன்பதிலேயே உட்கார்ந்திருந்தது.

ஒரே தண்டு. இந்த முனையும் ஒன்பது, அந்த முனையும் ஒன்பது. பட்டியலில் ஒன்பது என்றால் மூடி.

பஸ்ஸில், என் பக்கத்தில், இதைத்தான் அவள் பார்த்தாள். மூன்றாம் தாளைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள்.

"சார்," என்றாள். "அந்த ஹெல்மெட்ட குடுங்க."

கொடுத்தேன். அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது அவளுக்கு.

5

"ரெண்டு மொனையிலயும் மூடிய மாட்டியிருப்பாங்க சார்."

"மாட்டினா?"

"ஏறிக்கிட்டிருக்கற வாளியெல்லாம் நெறைய கல்லு. மெஷின் நின்னுச்சின்னா அத்தனை கனமும் சேர்ந்து சங்கிலியப் பின்னாடி இழுக்கும். ஓட விடாம புடிக்கறது ஹோல்டுபேக்குதான். அது இல்லேன்னா மொத்தக் கல்லும் கீழ வந்து இடிக்கும். அடியில ஒரு கதவு இருக்கு. அது பிச்சிக்கிட்டு வரும்."

"அந்தக் கதவுகிட்ட யாராவது நிப்பாங்களா?"

எனக்கே பதில் தெரிந்துவிட்டது. தொடர்கதை எழுதியே பழகியவன், அடுத்த வரி முன்னாலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அவள் வாயால் கேட்கக் காத்திருந்தேன்.

"நல்லதம்பி அண்ணன். மெஷின நிறுத்தின ஒடனே அந்தக் கதவத் தொறந்து சங்கிலி எவ்ளோ தொங்குதுன்னு பாக்கறது அவரு வேலை."

"ஹோல்டுபேக் மிச்சம் கெடக்குன்னு தெரிஞ்சிருக்காதா?"

"ரெண்டு மெஷினுக்கும் சேத்துதான சாமான் போயிருக்கு. பொட்டியில இருந்தா ரெண்டாவதுக்குன்னு நெனச்சிருப்பாங்க."

நல்லதம்பிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேணுகோபாலுக்கும் அப்படியே. அந்த ஆலையில் உள்ளே போகிறவர்கள் ஃபோனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஃபோனும் ஏதோ ஒரு மரப்பெட்டிக்குள் அக்கம்பக்கமாகப் பாடிக்கொண்டிருக்கும். கடைசியில் காசிநாதனைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அய்யா, மூணாம் ஷீட்ல ரெண்டு ஒம்போது ஆயிருச்சு. மேல ஹோல்டுபேக் மாட்டியிருக்க மாட்டாங்க. மெஷின ஓட்ட வேணாம்னு சொல்லுங்க."

"என்னம்மா சொல்ற? எட்டு எங்கயும் இல்லியே?"

"எட்டு இல்லாததாலதான் அய்யா!"

மறுமுனையில் மிட்டாய் பல்லில் படும் சத்தம் நின்றது.

"வையி. கேட்டுக்கு லேண்ட்லைன் இருக்கு, நான் பேசறேன்."

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. எங்கள் பஸ் அவற்றின் பின்னால் வெள்ளைப் புழுதியை விழுங்கிக்கொண்டு போயிற்று. என் ரயிலை மறந்துவிட்டேன். ஆலையின் புகைக்கூண்டு தெரிந்தபோது காசிநாதனே கூப்பிட்டார்.

"சொல்லிட்டேன்மா. கேட்லேர்ந்து ஆளு உள்ள போவுது. மெஷின ஒடனே நிறுத்தச் சொல்லியாச்சு."

"நிறுத்தவா?" என்றாள். "ஓடுதா அய்யா?"

"காலையிலயே ஆரம்பிச்சிட்டாங்களாம். இப்ப கல்லு ஏத்திக்கிட்டு ஓடுதாம்."

6

இந்த இடத்தை நான் மிக வேகமாக எழுதியிருந்தேன்: "ஜெயசித்ரா பஸ்ஸிலிருந்து குதித்தாள். தலைமுடி காற்றில் பறக்க ஓடினாள். 'நிறுத்துங்க!' என்று அவள் கத்தியது ஆலையெங்கும்—"

என் தொடர்களில் எத்தனையோ கல்யாணங்களும் தூக்குமேடைகளும் அந்த ஒரு சொல்லால் நின்றிருக்கின்றன. நானே பஸ்ஸுக்குள் எழுந்து, "நிறுத்தட்டும்மா, நல்லதாப் போச்சு!" என்றேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நிறுத்தக் கூடாது சார்! நிறுத்தினாத்தான் ஆபத்து! கல்லு போடறத நிறுத்தணும். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும். இருக்கற கல்ல மேல கொட்டிட்டு வாளியெல்லாம் காலியாயிருச்சின்னா, அப்பறம் தாராளமா நிறுத்தலாம்."

புரிகிறதா? நல்லதம்பியைக் காப்பாற்ற நாங்கள் அனுப்பிய செய்தி, இப்போது நல்லதம்பியைக் கொல்லப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் சைக்கிளில்.

காசிநாதன் மறுபடி கேட்டுக்குப் பேசினார். செய்தி கொண்டுபோனது அமாவாசையாம். போய்விட்டாராம். கேட்டை விட்டு நகர முடியாததால் பெரியம்மாள் அவரைத்தான் அனுப்பியிருக்கிறார், திருப்பிக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

ஆலை வாசலில் பஸ்ஸுக்கு ஸ்டாப்பிங் கிடையாது.

"இங்கல்லாம் நிக்காதும்மா, டவுன்ல எறங்கி ஆட்டோ புடிச்சி வா" என்றார் கண்டக்டர்.

"அண்ணே, ஒரு உசுருண்ணே" என்றேன் நான். கதை எழுதும் குரலாக இருந்ததோ என்னவோ, அவர் நம்பவில்லை.

எங்களுக்கு முன் சீட்டில் விக்கிரமங்கலத்துக்குப் போகிற ஓர் அம்மா, மடியில் கத்தரி நாற்றுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஃபோனில் பேசியது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திரும்பக்கூட இல்லை. டிரைவரின் பிடரியைப் பார்த்துச் சொன்னார்:

"யோவ், நிறுத்துய்யா வண்டிய. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா தெரியலயா ஒனக்கு?"

பஸ் நின்றது. அந்தச் சொல்லை அன்று சரியான இடத்தில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பட்டியலில் சேர்க்காமல் விட்டது என் குறை, இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஒன்று.

7

பைக்குள் பாதுகாப்பு ஷூ இருந்தது. பஸ் படியிலேயே மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட், பாஸ், ஃபோன், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பெரியம்மாளிடம் காட்டியும் கொடுத்தும் ஓடினாள். நானும் பின்னாலேயே நுழைந்தேன். ஒரு லத்தி என் வயிற்றுக்குக் குறுக்கே வந்தது.

"நீங்க எங்கங்க?"

"நான் அவங்ககூட..."

பெரியம்மாள் என் காலைப் பார்த்தார். "செருப்பா? செருப்போட உள்ள வுட மாட்டோம்ங்க."

"ஒரு உசுரும்மா!"

"இருக்கட்டும்ங்க. உள்ள ஒரு உசுருக்கு ஆபத்துன்னா நீங்க போனா ரெண்டாயிரும்."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் இந்தக் கதையின் முக்கியமான கட்டத்தில் கதாசிரியராகிய நான் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், செருப்புக் காலோடு நிற்கிறேன்.

எலிவேட்டர் கோபுரம் சுவருக்கு மேலே தெரிந்தது. ஆள் யாரும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கடகடகடவென்று, கனமாக. அந்தச் சத்தம் நிற்காதவரை நல்லதம்பிக்கு ஆபத்தில்லை. (முதல் பகுதியில் அடித்துவிட்ட வரி. இப்போது உங்களுக்கு அவரைத் தெரியும். எடுத்துக்கொள்கிறேன்.)

"அமாவாசை போயிச் சேந்திருப்பாராம்மா?"

"மெதுவாத்தாங்க மிதிப்பாரு. அடிக்கடி சங்கிலி வேற கழண்டுக்கும்."

"சங்கிலி கழண்டுக்குமா!"

"சைக்கிள் சங்கிலிங்க. ஏன் இப்புடிப் பதறுறீங்க? தண்ணி குடிங்க."

குடித்தேன். சத்தம் ஓடியது. கேட் அறையின் மின்விசிறி ஒரு நொடி தளர்ந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. கரண்ட் போனாலும் மெஷின் நிற்கும். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கடகடகட. கடகடகட. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், வேணுகோபாலின் கை பட்டனை நோக்கி

9

சத்தம் மெலிந்தது. கனம் போய், கலகலவென்று வெறும் வாளிகள் ஓடும் சத்தமாயிற்று. அப்படியே வெகுநேரம் ஓடியது. பிறகு நின்றது. நின்ற பிறகு எந்த இடியும் கேட்கவில்லை.

தூரத்தில் அரியலூர் ஸ்டேஷனில் ஒரு ரயில் ஊதியது. என்னுடையதாகத்தான் இருக்கும். போகட்டும், மகராசியாகப் போகட்டும்.

முதலில் வெளியே வந்தது ஜெயசித்ரா இல்லை. மேலெல்லாம் வெள்ளைப் புழுதி படிந்த ஓர் உயரமான மனிதர். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பின்னால் அவள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. எல்லோரும் கேட் எதிரே டீக்கடைக்கு வந்தோம். அந்த மனிதர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏ கம்ப்யூட்டரு," என்றார். "கோலத்துல ஒரு புள்ளி தப்பிருச்சாமே?"

அவள் அவருடைய கிளாஸை வாங்கி, டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

உள்ளே என்ன நடந்தது? அங்கேயே எல்லோரையும் விசாரித்தேன். அமாவாசை சொன்னார்: "பாதி வழியிலயே சங்கிலி கழண்டுருச்சுங்க. மாட்டிக்கிட்டு நிமிந்து பாத்தா இந்தப் புள்ள என்னயத் தாண்டி ஓடுது. நான் ஒண்ணும் சொல்லவே இல்லீங்க, எனக்கு எதுக்கு?"

வேணுகோபால் சொன்னதோ வேறு: "அமாவாசை வந்து நிறுத்தச் சொன்னாருங்க. பட்டன்ல வெரல வச்சிட்டேன். ஏதோ தோணுச்சு. எடுத்துட்டேன்." ஏதோ என்றால் என்ன என்று கேட்டேன். "அதான்ங்க, ஏதோ" என்றார்.

நல்லதம்பிக்கு இரண்டுமே தெரியாது. "காதுல அடைப்பான் வச்சிருந்தேன். திரும்பிப் பாத்தா பக்கத்துல நிக்கிது. கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. என் சம்சாரம்கூட அப்புடி இழுத்ததில்ல."

மூன்றும் ஒன்றோடொன்று பூட்டவில்லை. ஜெயசித்ராவைக் கேட்டேன்.

"அத மட்டும் எழுதாதீங்க சார்" என்றாள்.

எட்டாம் பகுதி ஏன் இல்லை என்று இப்போது தெரிந்திருக்கும். காசிநாதனின் சனிக்குப் பயந்து விட்டதல்ல. அந்த நேரத்தில் நான் செருப்புக் காலோடு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

10

காசிநாதன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, நேராக நல்லதம்பியிடம் போய் அவர் தோளை, முழங்கையை, மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு சாமான் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"என்ன மொதலாளி, எடைக்குப் போடப் போறீங்களா?"

"சும்மா இருடா." சட்டைப் பையில் இருந்த அத்தனை மிட்டாயையும் எடுத்து நல்லதம்பியின் கையில் கொட்டினார்.

ஜெயசித்ரா எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது அய்யா. பலூன்ல கையால அடிச்சேன். லிஸ்ட்டு மாறினப்பறம் ஒவ்வொரு தாளா பாத்திருக்கணும். பாக்கல. நாளைலேர்ந்து வர வேணாம்னா..."

"அடிக்க வச்சது யாரு? பின்னாடி நின்னு கத்துனது நான்தான?" காசிநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். "பஸ்ஸுலயாச்சும் பாத்தியே, அதச் சொல்லு. வூட்டுல போயிப் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

மிட்டாய்க்காகச் சட்டைப் பையைத் துழாவினார், காலி.

"சரி. இனிமே எட்டு இருக்கட்டும்" என்றார். சொல்லும்போதே உடம்பு கூசியது அவருக்கு. "ஆனா ஒண்ணு. எட்டாம் நம்பருக்கு யாரயும் ஒண்ணும் பண்ணாத சாமானா பாத்துப் போடு."

"அப்புடி ஒண்ணுதான் இருக்கு அய்யா."

"என்னது?"

"நேம் பிளேட்டு."

மெஷின் நெற்றியில் ஒட்டும் தகடு. அதில் கொட்டை எழுத்தில் காசிநாதன் என்று பொறித்திருக்கும். அமாவாசைதான் முதலில் சிரித்தார். பிறகு பெரியம்மாள், கேட்டுக்குள் நின்றபடியே. கடைசியில் காசிநாதனும் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பத்திரிகை ஆசிரியர் ஃபோனில் கேட்டார்: "ரயில விட்டுட்டீங்க, சரி. வில்லன் யாருன்னு முடிவாச்சா?"

"இல்லீங்க. தேடிப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல."

"வில்லன் இல்லாம எப்புடி சார் ஓட்டறது?"

எப்படி ஓடியது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சைக்கிளின் தளர்ந்த சங்கிலி, நாற்றுக் கட்டோடு ஓர் அம்மா, செருப்பை உள்ளே விடாத பெரியம்மாள், ஒரு நொடி தளர்ந்து மறுபடி பிடித்துக்கொண்ட கரண்ட். என் வழக்கமான தொடராக இருந்தால் இவர்களையெல்லாம் இடமில்லை என்று முதல் வரைவிலேயே வெட்டியிருப்பேன். இதில் எதைக் கழற்றினாலும் கதை பின்னோக்கி ஓடிவிடும். இவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? எழுதத்தான் தெரியும், எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது நல்லதம்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க கதை எழுதறவராமே? உள்ள வந்து பாக்கலியா?"

"செருப்புங்க."

"அட, அதுக்கென்ன." பெஞ்சில் உட்கார்ந்தபடியே குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். தலைக்கு ஜெயசித்ராவின் ஹெல்மெட்டைக் கொடுத்தார். "இத மாட்டிக்கிட்டுப் போங்க. இன்னோரு டீ குடிச்சிக்கிட்டு இங்கதான் இருப்பேன்."

காலை நுழைத்தேன். எனக்கு ரொம்பப் பெரிது. உள்ளே இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் காலை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. வில்லன் கிடைக்காததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பெரியம்மாள் என் காலைப் பார்த்தார். லத்தி விலகியது. போய்ப் பார்த்தேன். பட்டன் இருந்தது, கதவு இருந்தது, புழுதியில் நிறையக் காலடிகள் இருந்தன. எது அவளுடையது என்று தெரியவில்லை. திரும்பி வந்து ஷூவைக் கொடுத்துவிட்டேன்.

காசிநாதன் எட்டை நிரப்பிவிட்டார். என்னிடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த இடம் கீழே. இதுவரை கூடவே வந்த உங்களுக்கு நன்றி, அது உங்களுடையது. சைக்கிள் சங்கிலி வேண்டுமா, வேணுகோபாலின் விரல் வேண்டுமா, நல்லதம்பியின் கையைப் பிடித்து இழுத்த கை வேண்டுமா, எதை வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: உங்கள் எட்டாம் பகுதியில் யாரும் "நிறுத்து" என்று கத்தக் கூடாது. வெளியே பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

8